கதவுக்கு வெளியே ஈவாஞ்சலின் சிஸ்டர்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பற்றி ஈவாஞ்சலினுக்குத் தெரியாதது எதுவுமில்லை. அது எந்த நேரம் திறக்கும், திறந்ததும் காத்திருப்பவர்கள் எப்படி ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள், யார் முந்திக்கொண்டு கேட்பார்கள், யார் கேட்கப் பயந்து சுவரோரம் ஒதுங்குவார்கள் என்பதையெல்லாம் முப்பத்து நாலு வருஷம் பார்த்தவள். ஆனால் எல்லாம் உள்ளே நின்று பார்த்தது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, 2024 ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில்தான், தன் அறுபதாவது வயதில் அவள் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். அதுவும் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இல்லை. தூத்துக்குடியில் வேறொரு தனியார் ஆஸ்பத்திரி. உள்ளே ஆறாம் நம்பர் கட்டிலில் அவள் கணவர் ஞானையா மூச்சுக்குழாயோடு கிடந்தார்.

ஞானையா துறைமுகத்தில் டக் படகில் இன்ஜின் டிரைவராக இருந்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வருகிற படகு அது. வாழ்நாளில் பாதியை இன்ஜின் சத்தத்துக்குள் கழித்ததால் வலது காது அநேகமாகச் செத்துப்போயிருந்தது. அதனாலோ என்னவோ பேச்சும் குறைவு. வேண்டியதைச் செய்துவிட்டு வந்து உட்காருவார். செய்ததைச் சொல்ல மாட்டார்.

டிசம்பர் மழையில் கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்தபோதும் அப்படித்தான். அவர்கள் தெருவில் ஐந்து நாள் இடுப்பளவுத் தண்ணீர். ஞானையா மூன்று நீல டிரம்களைக் கயிற்றால் பிணைத்து, மேலே பலகை போட்டு ஒரு மிதவை செய்தார். பால் பாக்கெட்டும் ரொட்டியும் குடிதண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு, மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இழுத்துப் போய்க் கொடுத்தார். காலையில் இறங்கினால் மத்தியானம்தான் ஏறுவார். சாக்கடையும் செத்த எலியும் மிதக்கிற தண்ணீர்.

"அறுபத்து நாலு வயசாச்சு, சொன்னாக் கேக்கியளா" என்று ஈவாஞ்சலின் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டாள். அவர் கேட்காத காதைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீரில் கிடந்தால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்று அவள் வீட்டிலிருந்த மாத்திரையைக் கொடுத்தாள். மறுநாள் அவர், "கெண்டைக்கால் ரெண்டும் கடுகடுன்னு வலிக்கி ஈவா" என்றார். அவள் தைலம் போட்டு நீவிவிட்டாள். ஐந்து நாள் டிரம்மை இழுத்த கால்தானே. மூன்றாம் நாள் கண் சிவந்திருந்தது. "தூங்கலைன்னா சிவக்கத்தான் செய்யும், கண்ண மூடிப் படுங்க" என்றாள்.

நாலாம் நாள் விடியக்காலம் அவர் வாய் கொப்பளிக்க எழுந்து வந்து வாசல் வெளிச்சத்தில் நின்றார். கண் மஞ்சளாக இருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

ஈவாஞ்சலினுக்கு அந்த நிமிஷமே நோயின் பெயர் தெரிந்தது. எலிக் காய்ச்சல். மழைத் தண்ணீரில் நின்று காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் தன் உத்தியோக காலம் முழுக்க முதலில் கேட்ட கேள்வியே, கெண்டைக்கால் வலிக்கிறதா என்பதுதான். இந்த மனிதர் கேட்காமலே சொன்னார். அவள் தைலம் தேய்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டபோது, "நாலு நாள்" என்று உண்மையைச் சொன்னாள். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அதற்குமேல் யாரும் அதைக் கேட்கவில்லை. குவைத்தில் இருக்கும் மகன் ஜெபினிடமும், சாயர்புரத்தில் இருக்கும் ஞானையாவின் அக்கா தேவகனியிடமும், "திடீர்னு முத்திட்டு" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லை வாயிலிருந்து விட்ட பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

சிறுநீரகம் நின்றுபோனது. மறுநாள் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள்.

பார்க்க விடுவது காலை பதினொரு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும், பத்துப் பத்து நிமிஷம், ஓர் ஆள். செக்யூரிட்டி கதவைத் திறந்து, "ஆறாம் நம்பர் அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிடுவார். ஈவாஞ்சலின் முதல் நாள் எழுந்திருக்கவில்லை. அட்டெண்டர், நோயாளியோடு வந்த ஆள், என்பது அவளுக்கு எப்போதும் இன்னொருவர். இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான், கூப்பிடுவது தன்னைத்தான் என்று உறைத்தது.

உள்ளே போனதும் அவள் கண் தானாக மானிட்டருக்குப் போகும். பிறகு சிறுநீர்ப் பைக்கு, பிறகு மருந்து ஏறுகிற வேகத்துக்கு, பிறகு குழாயை ஒட்டியிருக்கிற பிளாஸ்திரிக்கு. நாலு நாள் இப்படிப் போன பிறகு ஒரு சாயங்காலம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, அவர் முகத்தில் தாடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மானிட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாள், 'பேசுங்க, அவங்களுக்குக் கேக்கும்' என்று. பணியிலிருந்த இளம் நர்ஸ் ஞானையாவின் வலது பக்கம் குனிந்து, "தாத்தா, கண்ணத் தொறங்க" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காது கேக்காதும்மா" என்றாள் ஈவாஞ்சலின். "இந்தப் பக்கமா வந்து பேசுங்க."

அந்தப் பெண் ஒரு தாளில் 'இடது காதில் பேசவும்' என்று எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாள். அந்த ஆஸ்பத்திரிக்கு ஈவாஞ்சலினிடமிருந்து தேவைப்பட்டது அந்த ஒரு சேதிதான். மற்ற எல்லாம் அவர்களுக்கே தெரியும்.

ஆனால் வெளியே எல்லோருக்கும் அவள் தேவைப்பட்டாள். டாக்டர் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பத்து நிமிஷம் நின்று ஆறுதலாகப் பேசுவார். அவள் நர்ஸாக இருந்தவள் என்று சேர்க்கும்போதே தெரிந்துகொண்டதால், அவளிடம் பரிசோதனை முடிவில் இரண்டு எண்ணைச் சொல்லி, "உங்களுக்கே தெரியும் சிஸ்டர்" என்று நகர்ந்துவிடுவார். தேவகனி நாள் தவறாமல் போன் பண்ணுவாள்.

"ஏளா ஈவா, தம்பி பிழைச்சிருவான்லா? உனக்குத் தெரியாதா. நீ சொல்லு."

"பாக்காவ மைனி. ஜெபம் பண்ணுங்க."

"நீ அங்கன இருக்கதுதான் எங்களுக்குத் தைரியம்."

ஜெபின் பத்து நாள் விடுப்பில் வந்தான். அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்மா, நீங்க எப்படிம்மா இதத் தாங்குதிய? உங்களுக்குப் பழக்கம்ங்கதால சரி" என்றான். மகனிடம் அந்த மூன்று நாளைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தாள். அவன் உறவுக்காரர்களுக்கெல்லாம் போனில், "அம்மா இருக்காங்க, அவங்க பாத்துக்கிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெஞ்சில் அவளை யாரென்று தெரியாத ஒரே ஆள் சுடலைமாடத்தி. சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமம். நாற்பது வயது இருக்கும். கணவர் தங்கப்பாண்டியை பைக் ஒன்று இடித்துத் தள்ளி, தலையில் அடிபட்டு ஒன்பதாம் நம்பர் கட்டிலில் கிடந்தார். வந்த அன்றைக்கே அவள் ஈவாஞ்சலினிடம், "அக்கா என்ன வேலை பாக்கிய?" என்று கேட்டாள்.

"வேலையெல்லாம் இல்ல. வீட்டுலதான் இருக்கேன்" என்றாள் ஈவாஞ்சலின்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிறகுதான் புரிந்தது. அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே டம்ளர் வெந்நீரைப் பங்கிட்டுக் குடித்தார்கள். சுடலைமாடத்தி தன் வீட்டு ஆட்டைப் பற்றியும் கல்யாணத்துக்கு நிற்கிற மகளைப் பற்றியும் பேசினாள். ஈவாஞ்சலின் ஞானையாவுக்குப் பிடித்த காரப்பொடி மீன் குழம்பைப் பற்றிச் சொன்னாள். வேறு யாரிடமும் அவளால் மீன் குழம்பைப் பற்றிப் பேச முடிந்திருக்காது. ஒருநாள் சுடலைமாடத்தி, "கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்து, ஒண்ணும் அசையலன்னு பேசிக்கிட்டாவ. அப்படின்னா என்னக்கா?" என்று கேட்டாள். "நமக்கு என்னம்மா தெரியும்" என்று சொல்லி ஈவாஞ்சலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி. ரோட்டில் கரும்புக் கட்டு ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சுடலைமாடத்தி வேகமாக நடந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். முகத்தில் பத்து நாளாக இல்லாத தெளிச்சி.

"அக்கா, எங்க வீட்டு ஆள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாவ. ஆம்புலன்சும் அவியளே சொல்லுதாவளாம். என் கொழுந்தன் கையெழுத்துப் போட்டுட்டு இருக்காரு. நல்லாயிட்டு போலக்கா."

கொழுந்தன் சற்றுத் தள்ளி கவுண்டரில் நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விஷயம் அவருக்குத் தெரியும், இவளிடம் சொல்லத் தைரியம் இல்லை என்பது ஈவாஞ்சலினுக்கு ஒரே பார்வையில் புரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். வழியிலோ வீட்டு வாசலிலோ அவளுக்கே தெரிந்துவிடும். ஆனால் மகளுக்குப் போன் பண்ணி, அப்பா வருகிறார், வாசலைத் தெளித்து வை என்று சொல்ல அவள் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஈவாஞ்சலின் அந்தப் போனை மெல்ல வாங்கி மடியில் வைத்தாள்.

"இங்கன உக்காரு தாயி. நல்லாகி அனுப்பல. இனிமே செய்யதுக்கு ஒண்ணுமில்லன்னுதான் அனுப்புதாவ. மூச்சு இருக்கும்போதே வீடு போய்ச் சேரட்டும்னு. வண்டியில நீ அவரு பக்கத்துலயே இரு. கையப் பிடிச்சுக்கோ. வீட்டுக்குப் போனதும் குழாய எடுப்பாவ. அப்போ ரொம்ப நேரம் இருக்காது."

சுடலைமாடத்தி அழவில்லை. அவளையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் நர்சா இருந்தவ. முப்பத்து நாலு வருஷம்."

சுடலைமாடத்தி, "அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என் பக்கத்துல உக்காந்திருந்திய" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொழுந்தனிடம் போனாள். ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மஞ்சள் துணிப்பை கிடந்தது. உள்ளே ஒரு சீப்பும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும். ஈவாஞ்சலின் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வண்டி போய்விட்டிருந்தது.

அடுத்து வந்த நாளெல்லாம் அவள் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

ஞானையா பிழைத்தார். பதினேழாம் தேதி, ஜெபின் விமானம் ஏறிய மறுநாள், மூச்சுக்குழாயை எடுத்தார்கள். சிறுநீர் இறங்க ஆரம்பித்தது. ஜனவரி கடைசியில் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டாம் நாள் அவர் குரல் கொஞ்சம் தேறியது. ஈவாஞ்சலின் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் காத்திருந்தது அவரிடம் பேசத்தான். அவர் இடது பக்கம் நாற்காலியைப் போட்டுக் குனிந்தாள்.

"நீ ஏன் வரல?" என்றார் ஞானையா.

"எங்க?"

"என்னை அங்கன கட்டிப் போட்டு வச்சிருந்தானுவ. நீ ஒருநாள்கூட வரல."

"தினமும் ரெண்டு வேளை வந்தேன். உங்க கையப் பிடிச்சுட்டு நின்னேன்."

"வரல" என்றார் அவர். கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

மருந்து மயக்கத்தில் இப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். மற்ற குடும்பங்களுக்கு அவளே விளக்கியிருக்கிறாள்: அதை மனசில் எடுத்துக்கிடாதீங்க, அவங்க பேசலை, மருந்து பேசுது. இப்போது அதைத் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. அவள் தொட்டால் உடம்பை விறைத்துக்கொண்டார். எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஜெபின் குவைத்திலிருந்தபடி ஒரு ஹோம் நர்சுக்கு ஏற்பாடு செய்தான். "வீட்டுல ஒரு நர்ஸ் இருக்கும்போது இன்னொரு நர்ஸ் எதுக்குலே" என்று ஈவாஞ்சலின் சண்டை போட்டாள். ஆனாலும் ஜெபிஷா வந்தாள். இருபத்தைந்து வயது. காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் போவாள்.

முதல் வாரம் ஈவாஞ்சலின் அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. தலையணையை இப்படி வை, முதுகை அப்படித் தட்டு என்று பின்னாலேயே நின்றாள். எட்டாம் நாள் ஜெபிஷா நிதானமாகச் சொன்னாள்: "ஆண்ட்டி, நீங்க எனக்குச் சொல்லித் தாரதெல்லாம் சரிதான். ஆனா அங்கிளுக்கு நர்ஸ் நான் இருக்கேன். நீங்க கொஞ்சம் அவரு பக்கத்துல சும்மா இருங்களேன்."

அவளுக்குச் சும்மா இருக்க வரவில்லை. அடுப்படியில் போய் நின்றாள். அங்கிருந்து கேட்டபோது ஞானையா அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். மனைவியிடம் சொல்லாததையெல்லாம் சொன்னார். ஒரு கப்பலில் தன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார். அதில் இன்ஜினே இல்லை என்றார். ஜெபிஷா, "பெறவு?" என்று கேட்டுக்கொண்டே அவர் காலை மடக்கி நீட்டினாள். ஈவாஞ்சலின் கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு, அறுக்காமல், முழுவதையும் கேட்டாள்.

ஆறு வாரம் கழித்து ஜெபிஷா வருவதை நிறுத்திக்கொண்டாள். அவர் கைத்தடியோடு வாசல்வரை நடந்தார். ஒரு சாயங்காலம், உப்புக்காற்று வீசுகிற நேரம், இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈவாஞ்சலின் அவர் இடது பக்கம் இருந்தாள். எந்த முன்னேற்பாடும் இல்லாமல் சொன்னாள்.

"நீங்க கெண்டைக்கால் வலிக்கின்னு சொன்னது ரெண்டாம் நாளு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மத்தவங்கன்னா கேட்டிருப்பேன். நம்ம வீடுதானேன்னு விட்டுட்டேன். மூணு நாளு. அந்த மூணு நாளுலதான் எல்லாம் முத்திப்போச்சு. யார்ட்டயும் சொல்லல."

ஞானையா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தாள். மீன்காரர் ஒருவர் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

"அப்போ சொல்லியிருந்தாலும் நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டேன்" என்றார் அவர். "கிறிஸ்மஸ் அன்னைக்கு வந்த விருந்தாளுவ அப்பவும் வீட்டுல இருந்தாவ."

விருந்தாளிகள் யாரும் வரவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அந்த வருஷம் யார் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. அவர் ஞாபகம் குழம்பிச் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். கை விறைக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த வாரம் தேவகனி சாயர்புரத்தில் தன் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தாள். தம்பி உயிரோடு திரும்பியதற்கு நன்றி. முப்பது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் தேவகனி எழுந்து சாட்சி சொன்னாள். வெள்ளத்தைச் சொன்னாள், இயந்திரத்தைச் சொன்னாள், டாக்டர்கள் கைவிட்டதாக அவளாகக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள்.

"ஆனா கர்த்தர் எங்க ஈவாவ அந்த வீட்டுல வச்சிருந்தாரு. அவ நர்ஸ். பாத்த உடனே கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. ஒருநாள் தாமதிச்சிருந்தா இன்னைக்கு தம்பி இல்ல."

எல்லோரும் ஈவாஞ்சலினைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தட்டினாள். ஈவாஞ்சலின் மடியிலிருந்த பைபிளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கம் நாற்காலியில் இருந்த ஞானையா அவளைப் பார்க்கவில்லை. அந்த அறையில் அவளைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். போதகர் ஜெபம் பண்ண எழுந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

காப்பியும் கேசரியும் கொடுத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் ரத்த அழுத்தம், மூட்டுவலி, பேரனின் சளி என்று அவளிடம் யோசனை கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும், "டாக்டர்ட்ட காட்டிருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றே சொன்னாள். ஒருத்தி, "நீங்களே சொல்லலாமே சிஸ்டர்" என்று சிரித்தாள்.

திரும்பும்போது காரில் ஞானையா முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் வந்து, சிரமப்பட்டுக் காலை மடக்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தன் பக்க ஜன்னலைப் பார்த்தாள், அவர் மறுபக்க ஜன்னலைப் பார்த்தார். உப்பளங்கள் தெரிய ஆரம்பித்தபோது அவர் அசந்து தூங்கிவிட்டார். டிரைவர் பாட்டு போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.